எந்தக் குப்பை சிற்பமாகிறது?

குப்பையிலிருந்து சிற்பம் செய்வதைப் பற்றி யோசித்தால் புனே நகரம் நினைவுக்கு வர ஒரு தலைகீழ்க் காரணம் உண்டு. அந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, பத்தே நாளில், லட்சக்கணக்கான சிற்பங்கள் குப்பையாகின்றன. 1890களில் வீதிக்கு வந்த கணபதி விழா இன்று பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார்களின் விழா. களிமண் பிள்ளையார் சீக்கிரமே கரைந்து போய்விடுவார். பிளாஸ்டர் பிள்ளையாரோ மாதக்கணக்கில் கரையாமல், கை ஒடிந்து, தும்பிக்கை போய், முளா-முட்டா நதியின் சேற்றில் கிடப்பார். இதற்கு ஒரு வழி கண்டது புனேயிலேயே இருக்கும் தேசிய வேதியியல் ஆய்வகம். பிஸ்கட் மாவை உப்பச் செய்யும் அம்மோனியம் பைகார்பனேட்டை வாளித் தண்ணீரில் கரைத்து, அதற்குள் பிள்ளையாரை இறக்கினால் இரண்டொரு நாளில் அவர் கரைகிறார். அடியில் கால்சியம் கார்பனேட் படிகிறது. மேலே நிற்கும் நீரில் இருப்பது அம்மோனியம் சல்பேட். தோட்டத்துச் செடிக்கு உரம். 2010களின் நடுவிலிருந்து புனே மாநகராட்சி இந்த உப்பை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்து வந்திருக்கிறது.

பூசை முடிந்ததும் படிமம் கழிவாகிவிடுகிறது என்பதை இவ்வளவு நிதானமாக, வேதியியல் சமன்பாட்டோடு ஒப்புக்கொண்ட ஊர் இந்தியாவில் வேறில்லை என்று நினைக்கிறேன். ஆகவே எதிர்க் கேள்வியை எழுப்பவும் அதுவே சரியான ஊர். கழிவு எப்போது படிமமாகிறது? எந்தக் கழிவு ஆகிறது, எது ஆவதில்லை? அப்படி ஆவதால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்விக்கு அவசரம் வந்தது கடந்த பத்து ஆண்டுகளில்தான். 2016இல் தூய்மை நகரங்களின் தரவரிசை தொடங்கிய பிறகு, இந்திய நகராட்சிகளுக்குப் பழைய இரும்பின்மேல் திடீர்க் காதல் வந்துவிட்டது. ரவுண்டானாவில் நட்டு போல்ட்டால் ஆன மயில், பூங்காவில் பல்சக்கரங்களால் ஆன சிங்கம், பேருந்து நிலைய வாசலில் சைக்கிள் செயினால் ஆன காளை. அருகே ஒரு பலகை: இத்தனை டன் கழிவு பயன்படுத்தப்பட்டது. பலகையில் சிற்பியின் பெயர் சில சமயம் இருக்கும். எடை எப்போதும் இருக்கும். ஒரு கலைப்படைப்பை எடை போட்டுப் பெருமைப்படுவது இந்த ஒரு வகையில்தான்.

அந்த எடைக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். இந்த வகையில் மிகப் பிரபலமானது டெல்லி சராய் காலே கான் பகுதியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்கா. தாஜ்மகால், எகிப்தியப் பிரமிடு, ஈஃபில் கோபுரம், பைசா சாய்ந்த கோபுரம், ரோமின் கொலோசியம், ரியோவின் கிறிஸ்து, நியூயார்க் சுதந்திர தேவி என ஏழு உலக அதிசயங்களின் நகல்கள். பழைய வாகன உதிரிகள், மின்கம்பங்கள், பூங்கா பெஞ்சுகள், சைக்கிள் பாகங்கள் என ஏறத்தாழ 150 டன் பழைய உலோகம். செலவு ஏறத்தாழ 7.5 கோடி ரூபாய். பழைய இரும்பைக் கிலோ 30 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 150 டன்னின் மதிப்பு 45 லட்சம். மொத்தச் செலவில் நூற்றுக்கு ஆறு. மீதித் தொண்ணூற்று நான்கும் உழைப்பு, வடிவமைப்பு, அடித்தளம், விளக்கு, ஒப்பந்தக்காரர். இதில் தவறொன்றும் இல்லை, சிற்பம் என்றாலே கூலிதான். ஆனால் 'கழிவைச் செல்வமாக்கினோம்' என்ற வாசகம் இந்தக் கணக்கில் நிற்காது. நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் புனே போன்ற ஒரு நகரத்தில் 150 டன் என்பது இரண்டு மணி நேரக் குப்பைகூட இல்லை.

இதைவிட அடிப்படையான ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய இரும்பு உண்மையில் குப்பையே அல்ல. நம் தெருக்களில் 'பழைய இரும்புச் சாமான், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிப் போனவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்புக்கு எப்போதும் வாங்க ஆள் இருந்தது. வீட்டிலிருந்து காயலான் கடைக்கு, அங்கிருந்து மொத்த வியாபாரியின் கிடங்குக்கு, அங்கிருந்து உருக்காலைக்கு என்று அதன் பாதை ஒரு நூற்றாண்டாகத் தெளிவாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா நகரத்து உலைகளில் கட்டடக் கம்பியாக மறுபிறவி எடுப்பவற்றில் பெரும்பகுதி இப்படி வந்த பழைய இரும்புதான். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட காரின் எந்த உறுப்பு குப்பைக்குப் போகிறது? ஒரு ஸ்க்ரூகூடப் போகாது. ஆக, சிற்பி ஒரு கியர்பாக்ஸை எடுத்துச் சிங்கத்தின் தோளாக வைக்கும்போது, குப்பைமேட்டிலிருந்து அதை அவர் காப்பாற்றவில்லை. உலையிலிருந்து திருப்பி எடுத்திருக்கிறார். சூழலியல் நோக்கில் இதனால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. கொஞ்சம் இரும்பு ஐம்பது ஆண்டு தாமதமாக உருகப் போகிறது, அவ்வளவே.

குப்பைமேட்டில் உண்மையில் தங்கிப்போவது வேறு. சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே மினுங்கும் பல அடுக்கு உறை, தெர்மோகோல், கிழிந்த நைலான் துணி, டயப்பர், உடைந்த செருப்பு, ரெக்சின், கலப்பட பிளாஸ்டிக். புனேக்குத் தென்கிழக்கே உருளி தேவாச்சி, புர்சுங்கி என்ற இரு ஊர்கள் பல பத்தாண்டுகள் இந்த மிச்சத்தைச் சுமந்தன. கிணற்று நீர் கெட்டது, குப்பை எரிந்து புகை மண்டியது, ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்து மறித்துப் போராடினார்கள். அந்த மேட்டை வெட்டிப் பார்த்தால் கியர்பாக்ஸ் ஒன்றுகூடக் கிடைக்காது. ரவுண்டானாச் சிற்பங்களில் தெர்மோகோலோ சிப்ஸ் உறையோ இல்லை. விற்கக்கூடிய குப்பை சிற்பமாகிறது. விற்க முடியாதது ஊர்க்காரர்களின் கிணற்றுக்குள் போகிறது. இந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. மீதியெல்லாம் அதன் விளக்கமும், சில விதிவிலக்குகளும்.

விற்கக்கூடியது எது, கூடாதது எது என்று பிரிக்கிற கண் யாருடையது? புனேயில் இந்தக் கேள்விக்குப் பெயரோடு பதில் உண்டு. 1993இல் அங்கே காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற தொழிற்சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பெயரே சொல்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 1972ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் பல. எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்விப் பணியில் இருந்த லட்சுமி நாராயணன், பூர்ணிமா சிக்கர்மனே ஆகியோர் இப்பெண்களோடு சேர்ந்து நின்றார்கள். 1990களின் நடுவிலேயே மாநகராட்சி ஒப்புதலோடு அவர்களுக்கு அடையாள அட்டை கிடைத்தது. திருட்டுப் பட்டம் கட்டித் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த அட்டை சாதாரண விஷயமல்ல. பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலையை ஏற்றது. இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். கணபதி விழாவின்போது ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரில் வீசப்படவிருக்கும் மாலைகளையும் பூசைப் பூக்களையும் கையேந்தி வாங்குவதும் இவர்களே.

இவர்கள் பிரிக்கும் கொட்டகைகளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பொருளைப் பார்ப்பது என்றால் என்ன என்று புரியும். வெள்ளைத்தாள் வேறு, அச்சடித்த தாள் வேறு, அட்டை வேறு. தண்ணீர் பாட்டில் வேறு, அதன் மூடி வேறு, பால் கவர் வேறு. ஒரு பிளாஸ்டிக்கை நசுக்கினால் எழும் சத்தத்திலிருந்து அது என்ன வகை என்று சொல்லிவிடுவார்கள். கவின்கலைக் கல்லூரியில் 'பொருளறிவு' என்று ஒரு பாடம் வைக்கிறோமே, அதன் பேராசிரியர்கள் இவர்கள்தான். ஆனால் கழிவுச் சிற்பத்தைப் பற்றி எழுதும் எந்தப் பத்திரிகைச் செய்தியும் 'சிற்பி காயலான் கடையிலிருந்து தேர்ந்தெடுத்தார்' என்று தொடங்கும். தேர்வு அதற்கு முன்பே பல கைகளில் நடந்து முடிந்திருக்கிறது என்பது அந்தச் செய்தியில் வராது.

கைகளோடு இடமும் போய்க்கொண்டிருக்கிறது. புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட், டாட்டா மோட்டார்ஸும் பஜாஜும் இன்னும் நூற்றுக்கணக்கான உதிரிபாகப் பட்டறைகளும் உள்ள தொழில்நகரம். அவற்றின் மிச்சம் மீதி வந்து சேர்ந்த இடம் குதல்வாடி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தகரக் கொட்டகை, பழைய சாமான் கிடங்கு. 2025 பிப்ரவரியில் மாநகராட்சி அங்கே 4,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்களை இடித்தது. அனுமதியற்றவை, அடிக்கடி தீப்பிடிக்கின்றன, காற்றும் நீரும் மாசுபடுகின்றன என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். காரணங்களைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் மாற்றிடம் முதலில், புல்டோசர் பிறகு என்பதுதானே முறை? பழைய இரும்பால் ஆன மயிலுக்கு நகரத்தின் நடுவில் இடமுண்டு, பழைய இரும்பை வாங்கி விற்பவருக்கு நகரத்தின் ஓரத்திலும் இடமில்லை என்கிற நிலை நாடெங்கும் பொதுவானது.

இனி கலைக்கு வருவோம். வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பலமுறை சொல்லப்பட்டதுதான். மார்செல் துஷாம் 1913இல் ஒரு ஸ்டூலின்மேல் சைக்கிள் சக்கரத்தை நட்டார். 1942இல் பிக்காசோ சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் ஒட்டவைத்துக் காளைத் தலை ஆக்கினார். இரண்டே உறுப்பு, ஒரே இணைப்பு. பார்ப்பவர் கண்ணுக்குக் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. இரண்டும் மாறி மாறித் தெரிந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். இதற்குப் பின் வந்த எல்லாக் கழிவுச் சிற்பத்தையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

நம் மரபு இதற்கு நேரெதிர். சுவாமிமலை ஸ்தபதியின் உலைக்குப் பழைய செம்பும் பித்தளையும் போகலாம், பின்னமான உலோகப் படிமமே போகலாம். போன பிறகு அதன் பழைய வாழ்க்கை முழுவதும் அழிந்துவிட வேண்டும். அம்மன் தோளில் அண்டாவின் விளிம்பு தெரியக்கூடாது. உருக்கி வார்ப்பவன் பொருளின் நினைவை அழிக்கிறான். ஒட்டிச் சேர்ப்பவன் அதை விட்டுவைக்கிறான். ஆகவே கழிவுச் சிற்பத்தை நம் சிற்ப மரபின் தொடர்ச்சி என்று விழா மேடைகளில் சொல்லும்போது எனக்கு உறுத்தும். தொடர்ச்சி தேட வேண்டிய இடம் கொலுப்படி. தீப்பெட்டியையும் கண்ணாடித் துண்டையும் பவுடர் டப்பா மூடியையும் வைத்துப் பூங்காவும் குளமும் கட்டிய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான் இந்தக் கலையின் முன்னோடிகள்.

நவீன இந்தியாவில் இதைப் பேருருவாக்கியவர் நேக் சந்த். 1924இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, பிரிவினையில் இடம்பெயர்ந்து, சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். லெ கொர்புசியேயின் புதிய நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளையும், உடைந்த பீங்கான் கோப்பைகளையும், கழிவறைத் தொட்டித் துண்டுகளையும், வளையல்களையும் சைக்கிளில் அள்ளிவந்து, சுக்னா ஏரிக்கருகே கட்டடம் கட்டக்கூடாத காட்டுப் பகுதிக்குள் 1957 வாக்கில் ஒளித்துவைத்து வேலையைத் தொடங்கினார். அரசு நிலம், அனுமதி இல்லை, பெரும்பாலும் இரவு வேலை. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது அங்கே பல ஏக்கருக்கு ஓர் உலகம் எழுந்துவிட்டிருந்தது. இடித்திருக்க வேண்டும், சட்டப்படி. இடிக்கவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்து, அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 1990இல் தோட்டத்தின் ஒரு பகுதிக்குள் சாலை போட புல்டோசர் வந்தபோது நகரத்து மக்கள் கைகோத்து மறித்தார்கள். இன்று அது ஏறத்தாழ 40 ஏக்கர். 2015இல் நேக் சந்த் இறந்தார்.

ராக் கார்டன் என்று அழைக்கப்படும் இந்தத் தோட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், அங்கே பொருளுக்கும் உருவத்துக்கும் உள்ள உறவு நேர்மையானது. ஊர்களை இடித்துக் கட்டிய நகரத்தின் பின்கட்டில், அந்த ஊர்களின் உடைசலே ஊர்சனமாக எழுந்து வரிசையாக நிற்கிறது. வளையல் துண்டுகளால் ஆன பெண்களின் கூட்டத்தைப் பார்க்கும்போது, அந்த வளையல்களை யாரோ போட்டிருந்தார்கள் என்பது மறப்பதில்லை. அங்கே எடை சொல்லும் பலகைக்கு வேலை இருந்திருக்காது. டெல்லிப் பூங்காவின் ஈஃபில் கோபுரத்திலோ, அது மின்கம்பமா புது இரும்பா என்று பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. தெரியாத பட்சத்தில் எதற்குப் பழைய இரும்பு?

ஆந்திராவின் தெனாலியில் காட்டூரி வெங்கடேஸ்வர ராவும் அவர் மகன் ரவிச்சந்திராவும் ஆயிரக்கணக்கான நட்டுகளையும் போல்ட்டுகளையும் பற்றவைத்துத் தலைவர்களின் உருவங்களைச் செய்கிறார்கள். முகச்சாயல் தப்புவதில்லை, அந்தக் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனாலும் நட்டு அங்கே வெறும் புள்ளி. அதன் இடத்தில் கூழாங்கல் இருந்தாலும் அதே தலைவர்தான். சென்னை கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் படித்து, மும்பையில் வேலை செய்யும் ஹரிபாபு நடேசனின் பாதை கொஞ்சம் வேறு. கம்ப்யூட்டர் விசைப்பலகை, சர்க்யூட் போர்டு, கார் உதிரி இவற்றை அவர் பூச்சியாகவும் விலங்காகவும் கூட்டும்போது உறுப்புகளைத் தேய்த்து மறைப்பதில்லை. விசைப்பலகையின் எழுத்துகள் வண்டின் முதுகில் அப்படியே கிடக்கும்.

பட்டறை வேலையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கழிவுச் சிற்பத்தின் நல்லது கெட்டது பாதி அங்கேதான் முடிவாகிறது. கல் சிற்பிக்கு ஒரே கல். இவருக்கோ ஐம்பது வகை உலோகம், ஐம்பதும் வெவ்வேறு சுபாவம். சாதா இரும்போடு சாதா இரும்பு சுலபமாகப் பற்றும். பழைய எந்திரத்தின் அடிப்பாகம், என்ஜின் பிளாக் போன்றவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே கீறல் விடும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். பேரிங் குண்டும் லீஃப் ஸ்பிரிங்கும் கடினப்படுத்திய எஃகு. ஒட்டினாலும் ஒட்டிய இடம் நொறுங்கும். அலுமினியம் இரும்போடு சேரவே சேராது, துளை போட்டு போல்ட்தான் முடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயில் பொறி பட்டால் எழும் வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு அன்று இரவு காய்ச்சல் நிச்சயம். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர் மூடிய உருளை. உள்ளே எண்ணெயும் சிலவற்றில் அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கும். துளை போட்டுக் காலி செய்யாமல் சூடேற்றினால் வெடிக்கும். மாணவர்களுக்குப் பட்டறை நடத்துபவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், கற்பனைச் சுதந்திரத்தைப் பற்றி அல்ல.

வெளியில் வைக்கும் சிற்பத்துக்கு இன்னொரு எதிரி மழை. குழிந்த உறுப்பெல்லாம் தண்ணீர் பிடிக்கும் கிண்ணம். அடியில் வடிதுளை போடாவிட்டால் கொசு முதலில், துரு பிறகு. புனேயின் நான்கு மாத மழைக்கு, வார்னிஷ் அடித்துவிட்டுப் போன சிற்பம் மூன்று நான்கு பருவத்தில் பல்லிளிக்கும். திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கும் நகராட்சிகள் பராமரிப்புக்கு ஒதுக்குவதில்லை. கடைசியில் அந்தச் சிற்பம் போய்ச்சேரும் இடம் காயலான் கடைதான். சுழற்சி முழுமையடைகிறது என்று மகிழ வேண்டுமானால் மகிழலாம்.

குப்பையின் கனத்தை உண்மையில் சுமக்கும் படைப்புகள் பலவும் ரவுண்டானாவில் நிற்பவை அல்ல. விவான் சுந்தரம் 2005இல் செய்த ஒரு படைப்பில் மங்கிய வெளிச்சத்தில் பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள் இருக்கும். மெத்தை கிடையாது. அதற்குப் பதில் தேய்ந்த செருப்பு, ஷூக்களின் அடித்தோல்களைக் கோத்து விரித்திருப்பார். மருத்துவமனை வார்டா, அநாதை விடுதியா, சிறையா என்று தெரியாது. எத்தனையோ பேர் நடந்த நடை கட்டிலில் படுத்திருக்கும். 2008இல் டெல்லியின் குப்பை பொறுக்குபவர்களோடு வேலை செய்து, தன் ஸ்டுடியோவில் குப்பையாலேயே ஒரு நகரத்தை அமைத்துப் புகைப்படமெடுத்தார். அவற்றில் விற்கக்கூடிய குப்பைக்குத் தனி மரியாதை இல்லை. செருப்பும் டப்பாவும் பிளாஸ்டிக்கும் எல்லாம் உண்டு. பெங்களூரின் ஷீலா கௌடா தார் டிரம்களை எடுத்துக்கொண்டார். சாலை போடும் தொழிலாளர்கள் காலியான தார் டிரம்மைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, குடிசைச் சுவராக வைத்துக்கொள்வதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 2006இல் அந்த டிரம்களைக் கொண்டே குனிந்து நுழைய வேண்டிய ஓர் இருட்டறை கட்டினார். உள்ளே போனால் மேற்கூரையின் சிறு துளைகள் நட்சத்திரங்களாகத் தெரியும். கூலித் தொழிலாளியின் கண்டுபிடிப்பை அவர் கலையாக மாற்றவில்லை. அது ஏற்கெனவே கலைதான் என்று காட்டினார்.

உலகத்தில் இதன் உச்சம் என்று எனக்குப் படுவது மொசாம்பிக்கில் செய்த ஒரு நாற்காலி. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, அங்கே கிறிஸ்தவ அமைப்புகள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தையல் எந்திரமோ மண்வெட்டியோ வாங்கிப்போகும் திட்டம் ஒன்றை நடத்தின. செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளை வெட்டி, கெஸ்டர் என்ற சிற்பி 2001இல் ஓர் அரியணை செய்தார். அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே பழைய பொருள் என்னவாக இருந்தது என்பதே படைப்பு. உருக்கியிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. ஈழத்து மண்ணில் இன்னும் கிடக்கும் இரும்பைப் பற்றி நினைக்காமல் ஒரு தமிழர் அந்த நாற்காலியைப் பார்க்க முடியாது.

மறுபடி புனே. கழிவு எப்போது படிமமாகிறது என்ற கேள்விக்கு அந்த ஊரில் இரண்டு வித்தியாசமான பதில்கள் இருக்கின்றன. இரண்டையும் சிற்பம் என்று யாரும் அழைப்பதில்லை. ஒன்று ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகம். 1896இல் பிறந்து 1990இல் மறைந்த தின்கர் கேல்கர், சிறுவயதில் இறந்த தன் மகன் ராஜாவின் நினைவாக, மக்கள் கழித்துப்போட்ட அன்றாடச் சாமான்களை வாழ்நாளெல்லாம் சேர்த்தார். பாக்குவெட்டி, விளக்கு, மைக்கூடு, கதவு நிலை, பூட்டு, சமையல் பாத்திரம். இடிபட்ட பழைய வாடா வீடுகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் வந்தவை. இன்று ஏறத்தாழ 20,000 பொருள்கள். ஒன்றையும் அவர் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு பாக்குவெட்டிகள், ஒவ்வொன்றும் மயிலாக, குதிரையாக, தழுவும் இணையாக நிற்பதைப் பார்த்தபின், வெல்டிங் எந்திரம் எல்லா இடத்திலும் தேவைதானா என்ற சந்தேகம் வரும். இன்றும் புதன், ஞாயிறுகளில் மங்கள்வார் பேட்டைப் பக்கம் கூடும் ஜுனா பஜாரில் அந்த வகைச் சாமான் இரும்போடு இரும்பாகக் குவிந்து கிடக்கிறது.

இரண்டாவது பதில் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் 1975இல் பட்டம் பெற்று, புனே டெல்கோ தொழிற்சாலையில் லாரி தயாரிப்பில் சேர்ந்தவர். 1978இல் விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளோடு வேலை செய்யப் போனார். அங்கே வாரச்சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், சதுரம், வீட்டுச் சட்டகம் என்று கட்ட ஆரம்பித்தார். முக்கோணம் அசையாது, சதுரம் சாயும் என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். பின்னாளில் ஜயந்த் நார்லிகர் உருவாக்கிய புனே அயூகா வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் பத்தாண்டுக்கு மேல் இருந்து, பழைய செருப்பு, ரீஃபில், ஃபிலிம் டப்பா, ஸ்ட்ரா, குறுந்தகடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பம்பாகவும் மோட்டாராகவும் பம்பரமாகவும் மாற்றினார். இவற்றைச் செய்துகாட்டும் படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் பத்மஸ்ரீ. அவருடைய பொம்மைகளில் விலைபோகாத குப்பை நிறைய இருக்கிறது, ஒன்றும் நிரந்தரமில்லை, எதற்கும் திறப்பு விழா இல்லை. உடைந்தால் மறுபடி செய்யலாம். கழிவுச் சிற்பம் என்ற பெயரில் நாடு முழுவதும் செலவழிக்கப்பட்ட கோடிகளில் ஒரு சிறு பங்கு பள்ளிகளில் இப்படிச் செலவாகியிருந்தால் பலன் பல மடங்கு என்பது என் துணிபு.

விலைபோகாத குப்பையோடு மல்லுக்கட்டும் வேறு சிலரும் அங்கே உண்டு. ரீசர்க்கா, எக்கோகாரி என்ற இரண்டு புனே நிறுவனங்கள் பிளாஸ்டிக் பைகளையும் உறைகளையும் கழுவி, நாடாவாகக் கத்தரித்து, சர்க்காவில் சுற்றி, கைத்தறியில் துணியாக நெய்து பை செய்கின்றன. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சுயி, மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டிக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகளாக்கி உலகப் புகழ் பெற்றார். 2015இல் வெனிஸ் பினாலேயின் வாழ்நாள் விருது அவருக்குக் கிடைத்தது. இரண்டிலும் அடிப்படை வேலை ஒன்றே, மென்மையானதையும் மெலிந்ததையும் கோத்து நெய்வது. நம் சிற்பிகள் வெல்டிங்கை விட்டுக் கொஞ்சம் ஊசி நூல் பக்கம் வந்தால், குப்பைமேட்டின் பெரும்பகுதி அவர்களுக்குத் திறக்கும். பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும், தெர்மோகோல் தீப்பிடிக்கும், துணி மழையில் பூக்கும் என்பதெல்லாம் உண்மை. எனவே அவை ரவுண்டானாவுக்கு ஆகாது. ஆகாமல் போகட்டும். நிரந்தரச் சிலை வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் மறுபடி மறுபடி இரும்பிடமே போகிறோம். பத்து நாளில் தன் கடவுளையே கரைத்து உரமாக்கத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு அந்தப் பிடிவாதம் எதற்கு?

நகராட்சிகளிடம் கேட்க வேண்டியவை சில, எல்லாமே செய்யக்கூடியவை. கழிவுச் சிற்பத்துக்கான செலவைக் குப்பை மேலாண்மைக் கணக்கில் காட்டாமல் கலைக்கான கணக்கில் காட்டுங்கள். அங்கே அது வேறு சிற்பங்களோடு போட்டியிடட்டும். டெண்டரில் எடையைக் குறிப்பிடுவதற்குப் பதிலாக, விலைபோகாத கழிவு எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் ஒரு மயிலையும் திறக்காதீர்கள். கவின்கலை மாணவர்களை வாரத்துக்கு ஒரு நாள் பிரிப்புக் கொட்டகைக்கு அனுப்பி, அங்கே கற்றுத்தரும் பெண்களுக்கு விருந்தினர் ஆசிரியருக்கான மதிப்பூதியத்தையே கொடுங்கள். சிற்பத்தின் பலகையில் சிற்பியின் பெயருக்குக் கீழே, பொருளைப் பிரித்துத் தந்தவர்கள் சம்மதித்தால், அவர்கள் பெயரையும் பொறியுங்கள்.